பேய்க்கு ஒரு நியாயம், அரிவாளுக்கு ஒரு நியாயமா?

1951-ல் ஒரு எம்.ஜி.ஆர். படம் வந்தது. பேர் 'மர்மயோகி'. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம், ஏ.எஸ்.ஏ. சாமி எழுத்து. எம்.ஜி.ஆர். கரிகாலனாக வந்து வாள் வீசுகிறார், ஏழைகளுக்கு உதவுகிறார், நம்பியார் இருக்கிறார், அஞ்சலிதேவி இருக்கிறார். வேறென்ன வேண்டும் ஒரு பத்து வயதுப் பையனுக்கு? ஆனால் அந்தப் பையன் தியேட்டருக்குள் போக முடியாது. ஏனென்றால் தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் இதுதான்.

காரணம் என்ன தெரியுமா? படத்தில் பேய் வருகிறதாம்!

இதில் பெரிய தமாஷ், அது பேயே இல்லை. செத்துப்போனதாக எல்லோரும் நம்புகிற ராஜா (செருகளத்தூர் சாமா) உயிரோடு இருந்துகொண்டு, தன் நாட்டைப் பிடுங்கியவளைப் பேய் வேஷத்தில் வந்து மிரட்டுகிறார். அவ்வளவுதான் விஷயம். வாளால் குத்திச் சாகடிக்கலாம், விஷம் வைக்கலாம், சிம்மாசனத்துக்காகக் கட்டியவனையே கொல்லப் பார்க்கலாம். அதெல்லாம் குழந்தைகள் பார்க்கலாம். வெள்ளைத் துணி போர்த்திய ஒரு கிழவர் இருட்டில் நடந்து வந்தால் மட்டும் கூடாது.

எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் புத்தி போய்விட்டதா என்றால், இல்லை.

எங்கள் எடமலைப்பட்டி புதூரில் போன காலாண்டு லீவில் நடந்ததைச் சொல்கிறேன். தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் எடுத்து, மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டிப் படம் போடலாம் என்று முடிவு செய்தார்கள். மூத்தவனுக்கு 17, கடைக்குட்டிக்கு 13. என்ன படம் போடலாம் என்று என்னிடம் கேட்டார்கள். நான் சொன்னது ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. 1968-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். செத்தவர்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தின்கிற கதை.

செய்தி தெருவில் பரவியது. பெரியவர்கள் கூடிவிட்டார்கள்.

"ஏன்டா தம்பி, காலேஜ்ல படிக்கிற புள்ள நீயே இப்படிப் பண்ணலாமா? பேய்ப்படத்தைப் போட்டா சின்னதுங்க ராத்திரி ஒண்ணுக்குப் போகக்கூடப் பயப்படும்டா."

"இல்ல மாமா, அது பேய்ப்படம்னாலும்..."

"அதெல்லாம் வேணாம். நல்லதா ரஜினி படம் ஏதாச்சும் போடுங்க. குடும்பத்தோட நாங்களும் வந்து பார்ப்போம்ல."

போட்டார்கள். 'ஜெயிலர்'. குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். சிறையில் ஒருவன் காது அறுபடும்போது விசில். வாளை ஒரு வீசு வீசித் தலை தனியாகப் போகும்போது அதைவிடப் பெரிய விசில். அத்தை ஒருவர் முறுக்கு கொண்டு வந்திருந்தார். நாலு வயதுக் குழந்தை ஒன்று மடியில் உட்கார்ந்து கைதட்டியது. யாருக்கும் ராத்திரி ஒண்ணுக்குப் போகப் பயமில்லை. எல்லாம் சுபம்.

நான் ரஜினிக்கு எதிரி இல்லை, 'ஜெயிலரை' இரண்டு தடவை தியேட்டரில் பார்த்தவன்தான். கேள்வி அதுவல்ல. ஒரு தலை வெட்டப்படுவதைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளையைக் கண்டு கவலைப்படுகிறோம். அதே தலை வெட்டப்படுவதைப் பார்த்துக் கைதட்டுகிற பிள்ளையைக் கண்டு சந்தோஷப்படுகிறோம். இதில் எந்தப் பிள்ளைக்கு மனசு சரியாக இருக்கிறது?

என்னைக் கேட்டால் முதல் பிள்ளைக்குத்தான்.

'ஜெயிலர்' 2023-ல் யுஏ வாங்கியது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஆகஸ்டில், அதே ரஜினி, அதே சன் பிக்சர்ஸ், 'கூலி' வந்தபோது 'ஏ' கொடுத்துவிட்டார்கள். குழந்தைகளோடு வந்த குடும்பங்களை மல்டிபிளெக்ஸ்களில் திருப்பி அனுப்பினார்கள். தயாரிப்பு நிறுவனம் யுஏ கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 'கே.ஜி.எஃப். 2'-க்கும் 'பீஸ்ட்'டுக்கும் கொடுத்தீர்களே, எங்களுக்கு ஏன் இல்லை என்பது வாதம். கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. தள்ளுபடி செய்தது சரிதான் என்பது என் கட்சி. ஆனால் அந்த வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது பாருங்கள்! அவனுக்குக் கொடுத்தாயே என்று கேட்கிற அளவுக்கு, என்ன அளவுகோல் என்று யாருக்கும் தெரியாத நிலைமை.

நிற்க. ரொமேரோ படத்துக்கு வருவோம். தெருப் பெரியவர்கள் அதைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார்கள். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கதை முழுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இரண்டு மூன்று பத்தி தாண்டிப் போங்கள்.

மொத்தச் செலவு ஏறக்குறைய 1,14,000 டாலர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில், விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த சில இளைஞர்கள் சேர்ந்து எடுத்தது. ஸ்டூடியோ இல்லை, நட்சத்திரம் இல்லை. ஊரில் இருந்தவர்களையே பிணமாக நடக்க விட்டார்கள். ரத்தம் என்பது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது ரத்தம் மாதிரியே தெரியும். பிணங்கள் தின்கிற மனிதக் கறி, அதே சிரப்பில் முக்கிய சுட்ட பன்றிக்கறி. நடித்தவர்களுக்கு வாந்தி வராத குறை என்று சொல்வார்கள், வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அண்ணனும் தங்கையும் அப்பாவின் கல்லறைக்கு மாலை வைக்க வருகிறார்கள். அண்ணன் சின்ன வயதில் பயமுறுத்தியதைப் போலத் தங்கையைக் கிண்டல் செய்கிறான். தூரத்தில் ஒருவன் தள்ளாடித் தள்ளாடி நடந்து வருகிறான். அவன்தான் முதல் பிணம். அண்ணன் சாகிறான், தங்கை பார்பரா ஓடிப்போய் ஒரு பண்ணை வீட்டில் ஒளிகிறாள். அங்கே பென் என்ற கறுப்பின இளைஞன் வருகிறான். நிலவறையில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. கூப்பர், அவன் மனைவி, கடிபட்டுக் காய்ச்சலில் கிடக்கும் மகள். கூட ஒரு இளம் ஜோடி. ஆக மொத்தம் ஏழு பேர். வெளியே பிணங்கள்.

இதற்கு மேல் படம் முழுக்க என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? சண்டை. பிணத்தோடு அல்ல, வீட்டுக்குள்ளே. கீழே நிலவறையில் பூட்டிக்கொள்ளலாம் என்கிறான் கூப்பர். மேலே ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கலாம் என்கிறான் பென். இரண்டு பேருக்கும் வீம்பு. வெளியே இருக்கிற பிணங்கள் மெதுவாகத்தான் நடக்கின்றன, கொஞ்சம் வேகமாக ஓடினால் தப்பிக்கலாம். அந்த ஏழு பேரைக் கொன்றது உள்ளே இருந்த வீம்புதான்.

நம் பையன்கள் பார்க்கிற படங்களில் ஹீரோ சொன்னது தப்பாகப் போய் நீங்கள் பார்த்ததுண்டா? பத்துப் பேர் தடுத்தாலும் ஹீரோ செய்வான், அதுதான் சரியாக இருக்கும். இந்தப் படத்தில் பென் நல்லவன், தைரியசாலி, நாம் அவன் பக்கம்தான் நிற்கிறோம். ஆனால் கடைசியில் அவன் உயிர் பிழைப்பது எங்கே? கூப்பர் சொன்ன அதே நிலவறையில்! கூப்பர் கெட்டவன், கோழை, ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது சரி. பதினாறு வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பாடத்தை எந்த நீதிநெறி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? பிடித்தவன் தப்பாகவும் பிடிக்காதவன் சரியாகவும் இருக்கலாம் என்பது.

பிறகு விடிகிறது. போலீசும் துப்பாக்கி ஏந்திய ஊர்க்காரர்களும் பிணங்களைச் சுட்டுக்கொண்டே வருகிறார்கள். பென் ஜன்னல் பக்கம் வருகிறான். அவனையும் பிணம் என்று நினைத்து நெற்றியில் சுட்டுவிடுகிறார்கள். யாரும் 'நீ யார்' என்று கேட்கவில்லை. கொக்கியால் இழுத்துக்கொண்டு போய் மற்ற பிணங்களோடு போட்டு எரிக்கிறார்கள். படம் முடிந்தது.

பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். அந்தப் பாத்திரம் கறுப்பினத்தவருக்கென்று எழுதப்பட்டதல்ல, தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாக நடித்தார் என்று எடுத்துக்கொண்டார்கள். படப்பெட்டியைக் காரில் வைத்து நியூயார்க்குக்கு ஓட்டிக்கொண்டு போன ராத்திரியில்தான், 1968 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதை ரேடியோவில் கேட்டோம் என்று ரொமேரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கடைசிக் காட்சியை யாராலும் வெறும் பேய்ப்படக் காட்சியாகப் பார்க்க முடியவில்லை.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து ஜெயிக்கிற உத்தேசம் இல்லை.

படத்தில் இரண்டு காட்சிகள் நிஜமாகவே கொடூரம். டிரக்கில் எரிந்துபோன இளம் ஜோடியைப் பிணங்கள் பங்குபோட்டுத் தின்பது ஒன்று. நிலவறையில் இருக்கும் அந்தச் சின்ன மகள் செத்து எழுந்து, கொத்தனார் கரண்டியால் அம்மாவைக் குத்திக் கொல்வது இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்க எனக்கே இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்பா அம்மாதான் உலகம் என்று இருக்கிற வயதில் அதைப் பார்க்கவே கூடாது.

பார்த்தார்கள். அமெரிக்காவில் இந்தப் படம் 1968 அக்டோபரில் வெளியானது. அங்கே வயதுவாரியாகத் தரம் பிரிக்கிற முறை நவம்பரில்தான் ஆரம்பித்தது. அரக்கன் படம் என்றால் சனி, ஞாயிறு மத்தியானக் காட்சிக்குச் சின்னப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அப்பா அம்மா வேலையைப் பார்ப்பது அங்கே வழக்கம். அப்படி ஒரு காட்சியில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் போய் உட்கார்ந்தார். முதலில் பிள்ளைகள் கத்திக் கும்மாளம் போட்டார்கள். பாதிப் படத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வரிசையில் ஒன்பது வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. 1969 ஜனவரியில் இதை அவர் சிகாகோ சன்-டைம்ஸில் எழுதினார், பிறகு ரீடர்ஸ் டைஜஸ்ட்டும் அதை எடுத்துப் போட்டது.

இந்தக் கட்டுரையைக் காட்டி "பார்த்தாயா, படம் ஆபத்து" என்று சொல்பவர்கள், அதை ஒழுங்காகப் படித்திருக்க மாட்டார்கள். ஈபர்ட் படத்தைத் தடைசெய்யச் சொல்லவில்லை. குழந்தைகளை உள்ளே விட்டவர்களைத்தான் கேட்டார். அந்தப் பெண் குழந்தைக்கு ஒன்பது வயது. எங்கள் தெருப் பையனுக்குப் பதினைந்து. இந்த இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் நம் ஊர்ப் பெரியவர்கள் செய்கிற தப்பு. ஒன்பது வயதுக்குக் காட்டக் கூடாத படத்தைப் பதினைந்து வயதுக்கும் காட்ட மாட்டேன் என்பார்கள். ஆனால் நாலு வயதுக் குழந்தையை மடியில் வைத்து இரண்டாம் ஆட்டத்துக்குப் போவார்கள்.

இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு வயது இருக்கிறது என்பதை உலகம் கண்டுபிடிக்கவே ரொம்ப நாள் ஆனது. பிரிட்டனில் 1930-களில் 'எச்' என்று பயங்கரப் படங்களுக்குத் தனி முத்திரை வைத்தார்கள். அமெரிக்காவில் 1984-ல் 'கிரெம்லின்ஸ்' படத்தின் குட்டிப் பிசாசுகளையும், 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் படத்தில் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சியையும் பார்த்துப் பெற்றோர்கள் போட்ட கூச்சலில்தான் பி.ஜி.-13 பிறந்தது. (அந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தை இந்தியாவில் எடுக்க அனுமதி கிடைக்காமல் கண்டியில் போய் எடுத்தார்கள். அதில் நம்மைக் குரங்கு மூளை தின்பவர்களாகக் காட்டிய கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அது வேறு கதை.)

நம் நாட்டில் 1983 வரை யு, ஏ இரண்டுதான். அந்த வருஷம்தான் யுஏ வந்தது. அதில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாற்பது வருஷம் அப்படியே ஓட்டி, 2023-ல் சட்டத்தைத் திருத்தி, 2024 விதிகளின்படி யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்றும் பெற்றோருக்குச் சொல்கிற யோசனை மட்டும்தான், வாசலில் யாரும் தடுக்க முடியாது. 16+ படத்துக்கு ஆறு வயதுக் குழந்தையோடு போனாலும் சட்டப்படி குற்றமில்லை. தடுப்பது 'ஏ' ஒன்றுதான். அதனால் நடைமுறையில் இன்றைக்கும் இரண்டே இரண்டுதான்: எல்லோரும் வரலாம், பதினெட்டுக்குக் கீழே யாரும் வரக் கூடாது. பதினேழு வயது ஆளும் ஏழு வயதுக் குழந்தையும் ஒரே கூண்டில்.

இதனால் யாருக்கு நஷ்டம்? 2017-ல் 'அவள்' வந்தது. சித்தார்த், ஆண்ட்ரியா நடித்து மிலிந்த் ராவ் எடுத்த படம். 'ஏ'. அதன் அடியில் ஓடுகிற கதை, ஆண் பிள்ளை வேண்டும் என்பதற்காகப் பெற்ற பெண்ணையே பலி கொடுக்கத் துணிந்த ஒரு அப்பனுடையது. பெண்சிசுக் கொலைக்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் போட வேண்டியிருந்த மாநிலம் இது. அந்தப் படத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் பார்க்கக் கூடாது என்றால் வேறு யார் பார்ப்பது? முத்தக் காட்சிகள் இருக்கின்றன, பயமும் நிஜமான பயம், ஒத்துக்கொள்கிறேன். பத்து வயதுக்கு வேண்டாம். பதினேழுக்கு என்ன வந்தது?

பயமே காட்டாமல்தான் நாம் பிள்ளை வளர்த்தோமா? சும்மா சொல்லக் கூடாது, நம்மைப் போலப் பயமுறுத்திச் சோறு ஊட்டியவர்கள் உலகத்தில் கிடையாது. 'அம்புலிமாமா' குழந்தைகள் பத்திரிகை. மாசா மாசம் அதில் ஒரு ராஜா சுடுகாட்டு மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லும். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று நமக்குத் தாத்தா. யாராவது அதற்கு 'ஏ' போட்டார்களா?

ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். தாயார் சந்நிதிக்கு எதிரே நாலுகால் மண்டபம் இருக்கிறது. கம்பர் அங்கேதான் ராமாயணத்தை அரங்கேற்றினார் என்பது ஊர் நம்பிக்கை. வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை ஏன் சேர்த்தாய் என்று பண்டிதர்கள் ஆட்சேபித்தார்களாம். கம்பர் அதைப் பாடிக்காட்ட, பக்கத்துச் சந்நிதியில் இருந்த மேட்டழகிய சிங்கரே கர்ஜித்துத் தலையசைத்து ஒப்புக்கொண்டாராம். யோசித்துப் பாருங்கள். தூணைப் பிளந்து பாதி மனுஷனும் பாதி சிங்கமுமாக ஓர் உருவம் வருகிறது. அந்தி நேரம், வாசற்படி, மடியில் போட்டு நகத்தால் வயிற்றைக் கிழித்துக் குடலை மாலையாகப் போட்டுக்கொள்கிறது. இதைப் பக்கத்தில் நின்று பார்த்தது யார்? ஒரு சின்னப் பையன். கிழிபடுவது அவன் அப்பா! இதில் தணிக்கை கேட்ட பண்டிதர்களுக்கு எதிராகச் சாமியே சாட்சி சொன்ன ஊரில் இருந்துகொண்டு, சாக்லேட் சிரப்புக்குப் பயப்படுகிறோம்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? எங்கள் பகுதியிலிருந்து கொஞ்ச தூரம்தான் புத்தூர். குழுமாயி அம்மன் கோயில் குட்டி குடித் திருவிழாவில், தோளில் தூக்கி வரப்படும் மருளாளி ஆட்டுக்குட்டிகளின் கழுத்தைக் கடித்து ரத்தம் குடிப்பதை ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள். நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் நம்பிக்கை. அங்கே பயம் இருக்கிறது, பக்கத்தில் அப்பாவும் இருக்கிறார், ஏன் எதற்கு என்று சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. அதனால் அந்தப் பிள்ளை தாங்கிக்கொள்கிறது. என் வாதமும் அதுதானே! பயத்தைத் தனியாகப் பார்க்க விடாதே, கூட உட்கார்.

இன்னொரு பக்கத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நண்பர்களில் பேய்ப்பட வெறியர்கள் உண்டு. பட்ஜெட் கம்மியான அரக்கன் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடுவார்கள். "சும்மா ஜாலிக்குத்தான மச்சி, யாரு வேணாலும் பார்க்கலாம்." பார்க்க முடியாது மச்சி. மும்பையில் ராம்சே சகோதரர்கள் எடுத்துத் தள்ளினார்களே, 'புரானா மந்திர்' வகையறா, அதில் அரக்கன் வரும் நேரத்தைவிடக் கதாநாயகி குளிக்கும் நேரம் அதிகம். நம் தமிழ்ப் பேய்ப்படங்களில் அதைவிட மோசமான ஒரு பழக்கம் இருக்கிறது. பேய் என்றால் பெண். அவள் ஏன் பேயானாள்? பாழாக்கிக் கொன்றுவிட்டார்கள். அதை ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிஷ ஃப்ளாஷ்பேக்கில் விலாவாரியாகக் காட்டுவார்கள். அவள் கதறுவதை எந்தக் கோணத்தில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள், கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு பேய் பழிவாங்கும், நியாயம் கிடைத்துவிட்டதாம். பதினான்கு வயதுப் பையனுக்குக் காட்டக் கூடாதது அந்த ஃப்ளாஷ்பேக். பல்லும் நகமும் ரத்தமும் அல்ல. ஆனால் தெருப் பெரியவர்கள் அதை டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள்.

எல்லாமே அப்படியில்லை. 2011-ல் வந்த 'காஞ்சனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். லாஜிக் கிடையாது, சத்தம் ஜாஸ்தி, என் ரசனைக்கு ஒத்துவராத படம். ஆனால் ராத்திரி தனியாக பாத்ரூம் போகப் பயப்படுகிற ஒரு தடிமாடு ஹீரோவைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் தங்கள் பயத்தைத் தாங்களே சிரித்துக் கழித்தார்கள். அதைவிட முக்கியம், சரத்குமார் செய்த திருநங்கைப் பாத்திரம். அதுவரை நம் சினிமா கேலி செய்வதற்கு மட்டுமே வைத்திருந்த ஒரு மனுஷியை, அழுது, கோபப்பட்டு, ஜெயிக்கிறவளாகப் பார்த்தது அந்தப் பிள்ளைகள் தலைமுறை. பேய் வேஷத்தில் வந்ததால்தான் அது உள்ளே நுழைந்தது.

2016-ல் வந்த 'மிருதன்', தமிழின் முதல் ஜோம்பி படம் என்ற விளம்பரத்தோடு வந்தது, அதுவும் ரொமேரோவின் பேரப்பிள்ளைதான். ஊட்டி, கசிந்த ரசாயனம், குடித்த நாய், கடிபட்ட மனிதன் என்று ஆரம்பிக்கும். ஜெயம் ரவி டிராஃபிக் போலீஸ்காரர். ஜோம்பிகளை வீடியோ கேம் மாதிரிச் சுட்டுத் தள்ளுகிற இடங்கள் எனக்கு அலுப்பு. சுடப்படுகிறவர்கள் நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதைப் படமே மறந்துவிடுகிறது. ஆனால் ஹீரோவே கடைசியில் கடிபட்டு மாறிப்போவது இருக்கிறதே, அது நம் ஊர் ஹீரோ படத்தில் நடக்காத காரியம். நாற்பது குண்டு பாய்ந்தும் எழுந்து நிற்பவனைப் பார்த்துப் பழகிய பையனுக்கு, ஒரே ஒரு கடி பட்டால் முடிந்தது என்று சொல்கிற படம் நல்லது செய்கிறதா, கெட்டது செய்கிறதா? பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் மதுரை ரோட்டில் பறக்கிற நம் வகுப்பு நண்பர்களை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

பட்ஜெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'மலிவான படம், அதனால் மட்டமான படம், அதனால் பிள்ளைகளுக்கு ஆகாது' என்று ஒரு கணக்கு இருக்கிறது. நான் நேர்மாறாகச் சொல்வேன். காசு கம்மியான அரக்கன் படத்தில் தையல் வெளியே தெரியும். முகமூடி விளிம்பு தெரியும், பொம்மைக் கை தெரியும். பதினைந்து வயதுப் பையன் ஒரு பக்கம் பயப்பட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் "இதை எப்படிடா எடுத்தாங்க" என்று யோசிப்பான். எங்கள் தெருவில் ஒருவன் சாக்லேட் சிரப் விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுத்த வாரமே போனில் ஒரு படம் எடுத்தான். மூன்று நிமிஷம். பிணம் அவன் தம்பி. இருநூறு கோடி கிராஃபிக்ஸ் பார்த்து எவனாவது அப்படிக் கிளம்புவானா? கைதட்டிவிட்டு வருவான்.

மொட்டை மாடியில் போட முடியாமல் போன படத்தைப் பையன்கள் விட்டுவிட்டார்களா என்றால், அதுதான் இல்லை. போனில் பார்த்துவிட்டார்கள். ஐந்து பேர் ஒரு போனைச் சுற்றி, தண்ணீர் டேங்க் நிழலில், மத்தியானத்தில். பெரியவர்கள் தடுத்ததால் நடந்தது இவ்வளவுதான்: பெரியவர்கள் கூட இல்லாமல் பார்த்தார்கள். அந்த 13 வயதுக்காரன் கொத்தனார் கரண்டிக் காட்சியில் எழுந்து போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து சேர்ந்தானாம். அவனுக்குத் தன் அளவு தெரிந்திருக்கிறது. சாயங்காலம் என்னிடம் வந்து கேட்டது அரக்கனைப் பற்றி அல்ல.

"அண்ணே, அந்த கறுப்பண்ணன் பேசியிருந்தா சுட்டிருக்க மாட்டாங்கல்ல?"

தெரியலடா என்றேன். மார்ட்டின் லூதர் கிங் பற்றிச் சொன்னேன். அவர் பேசிக்கொண்டே இருந்தாரே, ஏன் சுட்டார்கள் என்று அடுத்த கேள்வி. ஒரு மணி நேரம் ஓடியது பேச்சு. 'ஜெயிலர்' முடிந்த ராத்திரி இவர்கள் யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என் தீர்ப்பு கேட்டால்: பத்து வயதுக்கு இந்தப் படம் வேண்டவே வேண்டாம். 13, 14 என்றால் யாராவது பெரியவர் கூட உட்கார வேண்டும், வேண்டாம் என்று எழுந்து போனால் கேலி செய்யாமல் விட வேண்டும். 16-க்கு மேல் தாராளமாக. அரிவாள் படத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

பார்க்க விரும்பும் மாமாக்களுக்குத் தகவல். கடைசி நேரத்தில் படத்தின் தலைப்பை மாற்றியபோது விநியோகஸ்தர்கள் காப்புரிமை வாசகத்தைப் போட மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் உரிமை போய்விட்டது, படம் பொதுச் சொத்து. இணையத்தில் காசில்லாமல், திருட்டு இல்லாமல் கிடைக்கும். 96 நிமிஷம் ஓடும். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இருந்தால் போதும். புரொஜெக்டர் வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன், முறுக்கு மட்டும் அத்தை கொண்டு வந்தால் சரி :)